ஒருத்தரும் குறையாமல்

பதினோராம் வகுப்பு படித்த அந்த வருடம் முழுக்க எனக்கு மாதாவின் மேல் கோபம். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொன்னதில்லை. சொன்னால் சாமியார் அபராதமாக ஒரு ஜெபமாலை சொல்லச் சொல்வார். என் தொல்லையே அந்த ஜெபமாலைதான்.

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகிற சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் தெரு. பதினைந்து கத்தோலிக்கக் குடும்பங்கள், ஓடு போட்ட ஒரு சின்னக் கோயில், அதற்கு ஒரு மணி. நைனா செஞ்சியில் மல்லாட்டை மில்லில், அதாவது வேர்க்கடலை மில்லில், மூட்டை தூக்கினார். அம்மா, ஆள் கூப்பிட்ட நாளில் களை எடுக்கப் போவாள். எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து. எனக்கு மேலே ஒரே அண்ணன், பட்டாளத்தில் இருந்தான். அவனால்தான் எல்லாம்.

முந்தின புரட்டாசி வாக்கில் எல்லையில் சண்டை நடந்தபோது அவனிடமிருந்து கடிதம் நின்றுபோனது. மில்லில் யாராவது பேப்பர் படித்தால் நைனா பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு வருவார். கேட்டதை வீட்டில் சொல்ல மாட்டார். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் சாயங்கால ஜெபத்துக்கான திருந்தாதி மணி அடித்ததும் இரண்டு பேரும் கோயிலுக்குப் போய், மாதா சுரூபத்துக்கு முன்னால் பொருத்தனை செய்துவிட்டு வந்தார்கள். பிள்ளை வீடு வந்து சேருகிற வரைக்கும் தினமும் மணி அடித்த பிறகு, ராத்திரிச் சோற்றுக்கு முன்னால், எல்லாரும் சேர்ந்து, ஒருத்தரும் குறையாமல் முட்டி போட்டு ஜெபமாலை சொல்வதாக வாக்கு. அந்த எல்லாரிலும் நானும் உண்டு. என்னை யாரும் கேட்கவில்லை.

அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சண்டை சீக்கிரமே நின்றது, கடிதமும் வந்தது. லீவுதான் கிடைக்கவில்லை. வீடு வந்து சேருகிற வரைக்கும் என்று சொல்லியாகிவிட்டதால், சண்டை போட்டவர்கள் ஓய்ந்த பிறகும் நாங்கள் ஓயாமல் முட்டி போட்டுக்கொண்டிருந்தோம்.

ஜெபமாலை என்றால் பத்துப் பத்தாக ஐம்பது மணிகளோடு முடிந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். முதல் பத்து நைனா, அடுத்தது அம்மா, மூன்றாவது நான், அதற்கப்புறம் பெரிய தம்பி. ஐந்தாவது சின்னவனுக்கு. அவனுக்கு எண்ணிக்கை நிற்காது. பன்னிரண்டு சொல்வான், சில நாள் பதினான்கு. குறைந்தால்தான் தப்பு, கூடினால் மாதா வாங்கிக்கொள்வாள் என்று அம்மா விட்டுவிடுவாள். அதன் பிறகு மாதா பிரார்த்தனை. அதன் பிறகு செத்தவர்களுக்கு, சீக்காளிகளுக்கு, மழைக்கு, மில் முதலாளிக்கு, பக்கத்து வீட்டில் கன்று போட முடியாமல் கிடந்த மாட்டுக்கு என்று தனித்தனியாக ஒவ்வொரு பரலோக மந்திரம். மாடு நல்லபடியாகக் கன்று போட்டு, அந்தக் கன்று துள்ளித் திரிகிற காலத்திலும் அதற்கான மந்திரம் நிற்கவில்லை. ஏழு மணிக்கு ஆரம்பித்தால் முடிய எட்டு ஆகும். சாப்பிட்டதும் அம்மா விளக்கைத் தணித்துவிடுவாள், நைனா விடியற்காலம் மில்லுக்குப் போக வேண்டும். என் படிப்பு அவ்வளவுதான்.

அரைப்பரீட்சையில் எனக்குக் கணக்கில் வந்தது இருபத்தொன்று. பள்ளிக்கூடம் அப்போது பதினொன்றோடு முடிந்துவிடும்; பெரிய பரீட்சையில் முப்பத்தைந்தாவது வாங்கினால்தான் டிரெயினிங் ஸ்கூலுக்கு மனுப் போட முடியும். டீச்சர் ஆக வேண்டும் என்பது எனக்கு ஆசை இல்லை, வெறி. எங்கள் தெருவிலிருந்து ஹைஸ்கூல் வரைக்கும் போன முதல் பெண் நான்தான். பெயிலானால் மறுநாளே என் கையில் களைக்கொட்டு வந்துவிடும். கணக்கு வாத்தியார் என் விடைத்தாளை நீட்டியபோது, மண்டைக்குள் இருப்பது மூளையா மல்லாட்டைத் தோலா என்று கேட்டார். கேட்டுவிட்டு, தேறாத ஏழு பேருக்கும் பொங்கல் கழிந்து தன் வீட்டில் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழரை வரை சும்மாவே சொல்லித்தருகிறேன், வாருங்கள் என்றும் அவரே சொன்னார்.

வீட்டில் கேட்டேன். பொருத்தனையாச்சே என்றாள் அம்மா. பொருத்தனை செய்தது நீங்கள், நானில்லை என்றேன். அண்ணன் மேல் உனக்கு அக்கறை இல்லையா என்று கேட்டாள். எந்தப் பேச்சையும் அந்த ஒரு கேள்வியை வைத்து மூடிவிடுவாள். அக்கறை இருந்தது. ஆனால் லீவு வாங்கத் துப்பில்லாத ஒரு சிப்பாய்க்காக நான் எதற்குப் பெயிலாக வேண்டும் என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்டிருந்தால் அம்மா அன்றைக்கும் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

பொருத்தனையை மாற்றிக் கொடுக்கச் சாமியாருக்கு அதிகாரம் உண்டு என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவரிடம் போய் நின்றேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். வாக்குக் கொடுத்தவர்கள்தான் வந்து கேட்க வேண்டும், உன் நைனாவை வரச் சொல் என்றார். நைனாவாவது, வந்து கேட்பதாவது. எல்லாப் பெரியவர்களும் ஒரே கட்சி என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பொங்கல் கழிந்த முதல் திங்கட்கிழமை யாரிடமும் சொல்லாமல் வகுப்புக்குப் போய்விட்டேன். வாத்தியார் பள்ளிக்கூடத்தில் கத்துகிற மாதிரி வீட்டில் கத்தவில்லை. எட்டாம் வகுப்பிலிருந்து எனக்குப் புரியாமல் கிடந்த ஒரு விஷயம் அன்றைக்குப் புரிந்தது. திரும்பும்போது சிங்கவரத்துக்குப் போகிற ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னாலேயே நடந்தேன். வழியெல்லாம் சண்டைக்குத் தயாரானேன். நைனா கை ஓங்கினால் என்ன சொல்வது, அம்மா அழுதால் என்ன சொல்வது என்று வரிசையாக வைத்திருந்தேன்.

எதற்கும் வேலை வரவில்லை. மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றாமல் நின்றது. சோற்றுப் பானை மூடியபடியே இருந்தது. தம்பிகள் இரண்டு பேரும் சாப்பிடாமல் சுருண்டு தூங்கிவிட்டிருந்தார்கள். நைனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு ஆள் குறைந்ததால் அவர்கள் ஆரம்பிக்கவே இல்லை.

"வந்துட்டியா," என்றார் நைனா. "முட்டி போடு."

அம்மா தம்பிகளை உலுக்கி எழுப்பினாள். சின்னவன் அழுதான். அழுதுகொண்டே அவனுடைய பத்தைச் சொன்னான். ஒரே ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் அன்றைக்கே ஜெயித்திருப்பேன். பட்டினியாகக் காத்திருந்தவர்களிடம் எதைச் சொல்லிச் சண்டை பிடிப்பது? அந்த வாரம் மேற்கொண்டு நான் வகுப்புக்குப் போகவில்லை. வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவுமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு நைனா சாமியாரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பற்றிப் புகார் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் மில்லுக்குக் கிளம்பும்போது, சாயங்காலம் கணக்கு கிளாசுக்குப் போ என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பொருத்தனை ஒழிந்தது என்று பள்ளிக்கூடம் வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

அன்று ஏழரைக்கு வகுப்பு முடிந்து வாத்தியார் வீட்டுப் படியிறங்கினேன். எதிர்ச் சாரியில் புங்கமரத்தடி இருட்டில் நான்கு உருவங்கள் நின்றிருந்தன. நைனாவின் தலையில் மல்லாட்டைத் தூசி அப்படியே இருந்தது. அம்மாவின் முந்தானையில் வீட்டுச் சாவி. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு தம்பிகள்.

"மாதாகிட்ட எல்லாரும் சேந்துன்னு சொன்னோம். வூட்லன்னு சொல்லலியே," என்றார் நைனா.

முட்டிக்குப் பதிலாக நடை என்று சாமியார் மாற்றிக் கொடுத்திருக்கிறார். வயசுப் பெண்ணை இருட்டில் தனியாக விட முடியாது, எப்படியும் ஒருத்தர் வந்து அழைத்துப் போக வேண்டும். ஒருத்தர் வருவதற்கு எல்லாருமாக வந்துவிட்டால் வழியிலேயே ஜெபம் முடிந்துவிடும், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டதும் நான் புத்தகத்தை எடுக்கலாம் என்பது நைனாவின் ஏற்பாடு. விளக்கை இன்னொரு மணி நேரம் விட்டுவைக்க அம்மாவும் ஒத்துக்கொண்டிருந்தாள். அதற்காக அவள் நாலு மணிக்கே உலை வைத்து, வீட்டைப் பூட்டி, இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இரண்டு மைல் நடந்து வர வேண்டும். நைனா மில் விட்டதும் வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

இதையெல்லாம் நினைத்து நான் உருகிப்போனேன் என்று எழுதினால் அது பொய். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதினாறு வயதில், பஜார் வழியாக, குடும்பத்தோடு ஜெபமாலை சொல்லிக்கொண்டு போகிற ஒரு பெண்ணை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? வகுப்பில் என்னோடு இன்னொரு பெண்ணும் படித்தாள், ஜவுளிக்கடைக்காரர் மகள். தினமும் மடிப்புக் கலையாத தாவணி, இரட்டைப் பின்னலில் ரிப்பன். அவளை அழைத்துப்போக அவளுடைய அண்ணன் சைக்கிளில் வருவான். அந்த சைக்கிள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் செருப்பைத் தேடுகிற மாதிரி நான் வாசலிலேயே குனிந்துகொண்டிருப்பேன். என்னிடம் செருப்பே கிடையாது.

அதற்கப்புறம்தான் புங்கமரத்தடிக்குப் போவேன். போனதும் பத்தடி முன்னால் நடக்க ஆரம்பித்துவிடுவேன். பின்னாலிருந்து நைனா சொல்வார், தலையைத் திருப்பாமல் நான் முன்னாலிருந்தே பதில் சொல்வேன். திருவண்ணாமலை பஸ் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு வந்தால் தாவணியால் முகத்தை மூடிக்கொள்வேன். ஊரைத் தாண்டி, வீடுகள் ஓய்ந்து, மல்லாட்டை விளைகிற கொல்லிகள் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். அங்கே மட்டும் கொஞ்சம் நன்றாக இருக்கும் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். சின்னவனுக்குக் கால் வலித்தால் நைனா அவனைத் தூக்கி, மூட்டை சுமக்கிற அதே தோளில் உட்கார வைத்துக்கொள்வார். அங்கே உட்கார்ந்து அவன் பதினைந்து பதினாறு என்று தாராளமாகச் சொல்லிக்கொண்டு வருவான். கோட்டை மலைப் பக்கமிருந்து காற்று வரும். அந்த நேரத்தில் பேரும் தெரியாத ஒரு நிம்மதி வந்துவிடும். அது வந்ததற்காகவும் எனக்குக் கோபம் வரும்.

பங்குனி அமாவாசை வந்தது. பரீட்சைக்கு இரண்டு வாரம்கூட இல்லை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் செஞ்சியில் இறங்கி, ஸ்பெஷல் பஸ்ஸுக்காகத் தெருவெல்லாம் மூட்டையும் பிள்ளைகளுமாக உட்கார்ந்திருந்தது. பொரிக்கடைகள் வாத்தியார் தெரு வரைக்கும் வந்துவிட்டிருந்தன. ஒரு கடைக்காரர் தன் பெட்ரோமாக்ஸை அந்தப் புங்கமரத்துக் கிளையிலேயே மாட்டியிருந்தார். வகுப்பு முடிந்து நானும் ஜவுளிக்கடைப் பெண்ணும் ஒன்றாகப் படியிறங்கியபோது, மரத்தடி பட்டப்பகலாக இருந்தது. நைனா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார். அம்மா கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பெரிய தம்பி என்னைப் பார்த்ததும் எழுந்து, தெருவைத் தாண்டி எங்கள் பக்கத்திலேயே வந்து நின்றான்.

"யாருடி அவங்க? நம்மளயே பாக்கறாங்க," என்று கேட்டாள் அவள்.

"யாரோ. மலையனூருக்குப் போற ஜனங்க," என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. கையில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருக்கிற கிறிஸ்தவக் குடும்பத்தை அங்காளம்மன் கோயிலுக்கு அனுப்பிவைத்துவிட்டேன். அவள் சரி என்று தலையாட்டி, அண்ணன் சைக்கிளில் ஏறிப் போனாள். தம்பி அங்கேயே நின்று என்னை அண்ணாந்து பார்த்தான். அவனை ஏறிட்டுப் பார்க்க என்னால் முடியவில்லை. அன்று வழியில் அவன் தன் பத்தைச் சொல்லவே இல்லை. அம்மா அவனுக்கும் சேர்த்துச் சொன்னாள்.

மறுநாள் வகுப்பு முடிந்து வெளியே வந்தேன். மரத்தடியில் யாருமில்லை. கடைகளும் போய்விட்டிருந்தன. தெருவைத் தாண்டி, பஜாரைத் தாண்டி, ஊர் ஓய்கிற இடத்தில் இருக்கிற மதகுக்கட்டை வரைக்கும் ஓடினேன். அங்கே நின்றிருந்தார்கள்.

"இங்கயே நிக்கறோம். உனக்கு இதான் தோது," என்றார் நைனா. குரலில் கோபம் இல்லை, வருத்தத்தையும் அவர் காட்டவில்லை. தம்பி சொல்லிவிட்டான் என்று தெரிந்தது. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் அதற்குள் நைனா சிலுவை அடையாளம் போட்டு ஆரம்பித்துவிட்டார். ஜெபத்துக்கு நடுவில் எப்படிப் பேசுவது? வழக்கம்போல முன்னால் நடக்கப் போனேன். கால் வரவில்லை. பின்னால் நடக்கவும் கூச்சமாக இருந்தது. நடுவில் எங்கேயோ தள்ளாடிக்கொண்டு போனேன்.

அது ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம். வெள்ளிக்கிழமை கோயிலில் பாடுகளின் பிரசங்கத்தில், இயேசுவைத் தெரியாது என்று இராயப்பர் மூன்று தரம் மறுதலித்ததைச் சாமியார் நீட்டி முழக்கிச் சொன்னார். அவருக்காவது உயிர்ப் பயம். எனக்கு ஒரு ரிப்பன் கட்டிய பெண் என்ன நினைப்பாளோ என்ற பயம், அதற்காக ஒரே வாக்கியத்தில் நான்கு பேரை மறுதலித்திருக்கிறேன். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். இந்தத் தடவை பாதியை விழுங்காமல் மாதா மேல் இருந்த கோபம் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். கூண்டுக்குள்ளிருந்து சாமியார் அபராதமாக ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். அவருக்கு வேறு ஒன்றுமே தோன்றாது போல என்று அழுகைக்கு நடுவிலும் எரிச்சல் வந்தது.

அந்த வாரம் முழுக்கக் கணக்கு மண்டையில் ஏறவில்லை. வாத்தியார் புண்ணியத்தில் பிறகு நாற்பத்தொன்று வாங்கிப் பாஸ் செய்தேன், டீச்சரும் ஆனேன். ஆனால் அந்த நாட்களில் பரீட்சை எனக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டிருந்தது. மதகுக்கட்டையில் அம்மா உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொள்கிற காட்சிதான் கண்ணுக்குள் நின்றது. வாத்தியார் வீட்டு வாசலில் உட்காரப் பொரிக்கடைக்காரனுக்கு இருந்த இடம் அவளுக்கு இல்லாமல் போனது என்னால்.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் ஜவுளிக்கடைப் பெண்ணின் கையைப் பிடித்தேன். கொஞ்ச தூரம் வா என்றேன். அவளுடைய அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தான். மதகுக்கட்டை வரைக்கும் ஒன்றும் சொல்லாமல் அழைத்துப் போய் நிறுத்தினேன். நைனாவும் அம்மாவும் எழுந்து நின்றார்கள். இவங்க எங்க வீட்டு ஜனங்க, அன்னைக்கு நான் பொய் சொன்னேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவள் சிரித்தாள். "அன்னைக்கே தெரியும்டி. உன் தம்பி மூக்கு அப்படியே உன் மூக்கு," என்றாள். தம்பியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, அம்மாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். என் பொய்யை நம்பவேண்டியவளே நம்பவில்லை. அது போய்ச் சேர்ந்தது என் வீட்டுக்குத்தான்.

நான் நைனாவிடம், "நாளையிலருந்து வாத்தியார் வூட்டு வாசல்லயே நில்லுங்க," என்றேன்.

"எதுக்கு? அடுத்த அமாவாசைக்கு இன்னும் நாள் இருக்குதே," என்றார் நைனா.

அவர் முகம் கொஞ்சமும் அசையவில்லை. முதலில் சிரித்தது அம்மாதான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, மதகுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணன் கடிதம் நின்ற நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தம்பிகளும் காரணம் தெரியாமல் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கு ஒழுகியது. அம்மா அதே முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

நைனா சின்னவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, நேரமாகுது என்று சிலுவை அடையாளம் போட்டார். திங்கட்கிழமை ஜெபமாலையில் தியானிப்பது சந்தோஷ தேவ இரகசியங்கள். மூன்றாவது பத்து என் முறை. நான்கு பேருக்கும் நடுவில் நடந்தபடி அதைச் சொன்னேன். எதிரே பஸ் வெளிச்சம் வந்தபோதும் நிறுத்தவில்லை.